நான் எழுதிய 1.012

என் நோட்டில், 2023 அக்டோபர் கடைசியில் எழுதிய பக்கம் ஒன்றில் 1.012 என்று இருக்கிறது. அது பொய். அன்று கருவி காட்டியது 1.020. ஒரு முறை பார்த்தேன். சரியாகப் பார்த்தேனா என்று இன்னொரு முறையும் பார்த்தேன். பிறகு பேனாவை எடுத்து வேறு எண்ணை எழுதினேன்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பது என்ன என்று தெரியாத ஒருவர் அப்படி எழுதியிருந்தால் மன்னிக்கலாம். எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அதனால் என் தங்கையின் வலது கை ஆள்காட்டி விரல் இன்றைக்கும் முழுதாக மடங்குவதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போகும் காரணங்கள் எதையும் எனக்குச் சலுகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்தது நடந்தபடி உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் அவற்றைச் சொல்கிறேன்.

என் ஊர் மலேசியாவின் பத்தாங் காலி. தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டம் கைமாறிய பிறகு தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. அளப்பதும் அளந்ததைப் பதிவதும்தான் என் தொழில். எண்ணை மாற்றி எழுதுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவனும் நான்தான்.

2020 மார்ச்சில் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வீட்டில் பீர் காய்ச்சப் பழகினேன். மால்ட் சாறு, ஹாப்ஸ், ஈஸ்ட், வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக்கை மூடியில் செருகிய பிளாஸ்டிக் வாளி, இவ்வளவுதான் சாமான். விற்றதில்லை. வீட்டுக்கும் உறவுக்கும் நண்பர்களுக்கும் மட்டும்தான். முதலில் செய்தவை பல கெட்டுப்போயின. நம் ஊர்ச் சூட்டில் கெடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சாதாரண ஏல் ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை போதும். இங்கே பகலில் 32, 33 சர்வசாதாரணம். அதோடு ஈஸ்ட் வேலை செய்யும்போது அதன் சூட்டால் வாளிக்குள் இன்னும் சில டிகிரி ஏறும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் வெறிபிடித்து ஓடும். பீரில் வாழைப்பழ வாசனை முட்டும், பெயிண்ட் கரைக்கும் திரவத்தின் காரம் நாக்கில் ஏறும், குடித்த மறுநாள் தலை பிளக்கும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். பச்சை ஆப்பிள் வாசனை அடித்தால் அவசரப்பட்டு ஈஸ்டிலிருந்து பிரித்துவிட்டோம். வெண்ணெய் வாசனை அடித்தால் ஈஸ்ட் கடைசியில் தன் அழுக்கைத் தானே தின்று தீர்க்க இரண்டு மூன்று நாள் கூடுதலாக விட்டிருக்க வேண்டும். மேலே வெள்ளைத் தோல் படிந்து புளித்தால் வாளியைச் சரியாகக் கழுவவில்லை. ராசாவிலிருந்தும் செரண்டாவிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் என்னைப் போலவே பழகிக்கொண்டிருந்தவர்கள் போன் போட்டுச் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். நான் பதில் சொன்னேன். எனக்குத் தெரியாதவற்றுக்கும் பதில் சொன்னேன். "தெரியாது, பார்த்துச் சொல்றேன்" என்ற வாக்கியம் என் வாயில் வரவே இல்லை. அங்கேதான் என் அகங்காரம் வேர்விட்டது.

அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அப்பா சம்சு என்ற மலிவுச் சாராயத்தால் போனவர். தோட்டத்துத் தமிழர் வீடுகளில் இது புதிய கதை இல்லை. சம்பள நாளில் கள்ளுக்கடை, கள்ளு போதாதபோது சம்சு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியது. வயிற்றுக்கே போதாத கூலியில் வாழ்ந்தவர்கள் கூலி உயர்வோடு சேர்த்து அதையும் கேட்டார்கள் என்றால், அது எத்தனை வீடுகளை எரித்திருக்க வேண்டும்? அம்மா அந்த வீடுகளில் ஒன்றில் வாழ்ந்தவர். என் வாளியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வீட்டுக்குள்ளேயே கடை தெறந்துட்டியா?"

நான் அவருக்கு விஞ்ஞானம் சொன்னேன். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் போலி மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஏழைகள். அவர்களைக் கொன்றது மெத்தனால். அது பீர் நொதிக்கும்போது ஆபத்தான அளவில் உண்டாகும் பொருள் அல்ல, யாரோ லாபத்துக்காகக் கலந்த தொழிற்சாலை இரசாயனம். அதனால் என் பீரில் பயம் இல்லை. இதை அம்மாவிடம் சொன்னேன், தங்கையிடம் சொன்னேன், மாப்பிள்ளையிடம் சொன்னேன், பாட்டில் வாங்கிப் போன ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

சொன்னது அத்தனையும் உண்மை. அந்த உண்மையை வைத்து நான் செய்ததுதான் தப்பு. இல்லாத ஆபத்தைப் பற்றி விரிவாகப் பேசிப் பேசி, இருக்கிற ஆபத்தைப் பற்றி ஒருவரும் கேட்காதபடி செய்துவிட்டேன். "அவருக்கு எல்லாம் தெரியும்" என்று நம்பி அவர்கள் பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள்.

இருக்கிற ஆபத்து எது என்று சொல்கிறேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஏறக்குறைய பாதியைச் சாராயமாகவும் பாதியைக் கரியமில வாயுவாகவும் ஆக்குகிறது. கள்ளிலும் நடப்பது இதுதான். ஆனால் கள்ளு மரத்துக் கலயத்திலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது சாயங்காலத்துக்குள் உறைப்பேறி, மறுநாள் காடியாகும். அதன் வாயு போக வழி எப்போதும் திறந்தே இருக்கும். பீரில் நாம் வேண்டுமென்றே அந்த வழியை அடைக்கிறோம். நொதித்து முடிந்த பீரில் லிட்டருக்கு ஆறு கிராம் அளவில் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் ஊற்றி மூடி அழுத்துகிறோம். உள்ளே மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று வாயுவை உண்டாக்கும். நுரை அப்படித்தான் வருகிறது.

இதில் முக்கியமான சொல் 'முடிந்த' என்பது. முடிந்ததா இல்லையா என்பதை ஏர்லாக்கில் குமிழி நின்றதை வைத்துச் சொல்ல முடியாது. மூடியில் காற்று கசிந்தாலும் குமிழி நிற்கும், ஈஸ்ட் உறங்கினாலும் நிற்கும். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்தான் சொல்லும். தண்ணீர் 1.000 என்றால், சர்க்கரை கரைந்த மால்ட் சாறு அதைவிடக் கனம். என் சாறு அன்று 1.050-இல் தொடங்கியது. அதே கூட்டுப்பொருள்களை வைத்து முன்பு செய்தபோதெல்லாம் 1.012-இல் வந்து நின்றிருக்கிறது. மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டும் எதிர்பார்த்த எண்ணிலேயே நின்றால்தான் பாட்டிலில் அடைக்கலாம். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. கோலக்குபு பாருவில் இருக்கும் தங்கை வீட்டில் எல்லாரும் கூடுவதாக ஏற்பாடு. என் பீரைத்தான் வைக்கப்போகிறோம் என்று மாப்பிள்ளை தன் நண்பர்களிடம் சொல்லிவிட்டார். அப்படிச் சொல்ல வைத்தவன் நான். பாட்டிலில் நுரை ஏற இரண்டு வாரமாவது வேண்டும். ஆக, அக்டோபர் முடிவதற்குள் அடைத்தாக வேண்டும்.

வாளி முதல் இரண்டு நாள் நன்றாகப் பொங்கியது. சூடு அதிகமாகிறதே என்று பயந்து அதைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, ஐஸ் கட்டிய பாட்டில்களை அளவில்லாமல் போட்டுவிட்டேன். விடிவதற்குள் 16 டிகிரிக்கு இறங்கிவிட்டது. சட்டென்று குளிர்ந்தால் ஈஸ்ட் வேலையை விட்டுவிட்டு அடியில் படிந்து உறங்கிப்போகும். அதுதான் நடந்தது. எண் 1.020-க்கு வந்து, அதற்குக் கீழே இறங்கவில்லை.

இது தீர்க்க முடியாத சிக்கல் இல்லை. வாளியை மெல்ல 20, 22 டிகிரிக்குக் கொண்டுவந்து, காற்றுப் புகாமல் லேசாகச் சுழற்றி, படிந்த ஈஸ்டை எழுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எழவில்லை என்றால் புது ஈஸ்டைத் தனியாகக் கொஞ்சம் சாற்றில் பொங்க வைத்துச் சேர்க்க வேண்டும். எங்கே போய் நிற்கும் என்று சந்தேகம் இருந்தால், ஒரு டம்ளர் அளவு தனியே எடுத்து, அதில் ஈஸ்டை அள்ளிப் போட்டுச் சூடான இடத்தில் வைத்தால் ஓரிரு நாளில் அது கடைசி எண்ணைக் காட்டிவிடும். எல்லாம் தெரியும். ஒரு வாரம் பிடிக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு வாரம் போனால் தீபாவளிக்கு என் பீர் இருக்காது. "இந்தத் தடவை சரியா வரல, கடையில வாங்கிக்குங்க" என்று மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. காரணம் இவ்வளவுதான். ஒருவர் முன்னால் தலைகுனிய மனமில்லை.

அளவுக் குழாயில் ஹைட்ரோமீட்டரை விட்டேன். 1.020. குமிழிகள் ஒட்டிக்கொண்டு கருவியை மேலே தூக்கியிருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். அப்படி நடப்பது உண்டு. கருவியைச் சுழற்றிக் குமிழிகளை உதறினேன். மறுபடி 1.020. அந்த நிமிடத்தில் என்னிடம் இனி எந்தச் சாக்கும் மிச்சமில்லை. பக்கத்தில் சர்க்கரை நிறுத்து வைத்திருந்தேன். பாட்டில்கள் கழுவிக் கவிழ்ந்திருந்தன. ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்காகச் செய்த மெல்லிய பாட்டில்களும் அவற்றில் கலந்திருந்தன. அதுவும் எனக்குத் தெரியும். 1.012 என்று எழுதினேன். யாருக்காக அப்படி எழுதினேன் என்று பிறகு பல இரவுகள் யோசித்திருக்கிறேன். அந்த நோட்டை வேறு யாரும் படிப்பதில்லை. என்னை நானே ஏமாற்றிக்கொள்ள எனக்கு ஒரு பத்திரம் தேவைப்பட்டிருக்கிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1.020-க்கும் 1.012-க்கும் இடையே உள்ள எட்டுப் புள்ளி என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய பதினாறு கிராம் சர்க்கரை தின்னப்படாமல் மிச்சம் இருந்தது என்று பொருள். அதன் மேல் நான் ஆறு கிராம் சேர்த்தேன். பாட்டிலுக்குள் இருக்க வேண்டியதைப்போல மூன்றரை மடங்குக்கு மேல். நம் ஊர்ச் சூட்டில் சரியாக அடைத்த பீர் பாட்டிலே உள்ளுக்குள் கார் டயரைவிடச் சற்றுக் கூடுதலான அழுத்தத்தில்தான் இருக்கும். என் பாட்டில்களில் இருந்த சர்க்கரை முழுதும் வாயுவானால் அந்த அழுத்தம் அதைப்போல மூன்று மடங்கு. அதைத் தாங்கக் கண்ணாடிக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

ஒரு பெட்டியைத் தங்கை வீட்டில் கொடுத்தேன். செரண்டாவில் ஒரு நண்பருக்கும் ரவாங்கில் கூட வேலை செய்யும் ஒருவருக்கும் ஆளுக்குச் சில பாட்டில்கள். தங்கையிடம், "ஸ்டோர் ரூம்ல வை, சூடா இருந்தா சீக்கிரம் கேஸ் ஏறும்" என்றேன். உறங்கிய ஈஸ்டை எழுப்பச் சூடும் புதுச் சர்க்கரையும் போதும். இரண்டையும் நானே கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து இரவு அவள் போன் செய்தாள்.

"அண்ணே, அவரு ஒரு பாட்டிலத் தொறந்து பாத்தாரு. பொங்கிச் சீலிங் வரைக்கும் அடிச்சிருச்சு. பாட்டில்ல பாதிகூட இல்ல. இது இப்படித்தான் இருக்குமா?"

திறந்ததும் பீர் பீறிட்டு அடிப்பதுதான் முதல் எச்சரிக்கை. பெரும்பாலும் கடைசி எச்சரிக்கையும் அதுதான். நான் சொல்லியிருக்க வேண்டியது இது: "யாரும் அந்த ரூமுக்குள்ள போகாதீங்க. கதவச் சாத்திடு. பையன அந்தப் பக்கம் விடாத. நான் இப்பவே வர்றேன்." பத்தாங் காலியிலிருந்து கோலக்குபு பாருவுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. தடித்த கையுறையும் முகத்துக்குக் கவசமும் போட்டுக்கொண்டு போய், பெட்டியின் மேல் கனமான ஈரத்துணி போர்த்தி, பாட்டில்களை ஒவ்வொன்றாகக் குளிரில் வைத்து, நன்றாகக் குளிர்ந்த பிறகு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி வாயுவை வெளியேற்றியிருக்க வேண்டும். தொழிற்சாலையில் இந்தச் சாமானெல்லாம் என் அலமாரியிலேயே இருந்தது.

நான் சொன்னது இது: "நல்லா கேஸ் ஏறியிருக்கு, அவ்வளவுதான். ஐஸ்ல வெச்சுட்டுத் தொறக்கச் சொல்லு. ஒன்னும் ஆகாது."

போனை வைத்த பிறகு நான் செய்ததையும் நீங்கள் கேட்க வேண்டும். இதைத்தான் நீண்ட நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். கையுறை மாட்டிக்கொண்டேன். என் வீட்டில் எனக்கென்று வைத்திருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து ஐஸ்பெட்டிக்குள் அடுக்கினேன். குளிரில் ஈஸ்ட் அடங்கும், அழுத்தமும் குறையும். அம்மா அடுக்களைப் பக்கம் வந்தபோது, "அங்கேயே நில்லுங்கம்மா" என்றேன். என் வீட்டுக்கு ஆபத்து என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. என் அம்மாவை விலகி நிற்கச் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருக்கிறது. தங்கைக்கு மட்டும் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன்.

அவள் தையல்காரி. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில்தான் அவளுக்கு வருமானம். ரவிக்கை, பாவாடை சட்டை, பஞ்சாபி உடை என்று கூடம் முழுக்கத் துணி குவிந்திருக்கும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, தைத்து முடித்த துணிகளை வைக்க இடம் வேண்டுமென்று ஸ்டோர் ரூமுக்குப் போனாள். பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளக் கை வைத்தாள். ஒரு பாட்டில் வெடித்தது. அது வெடித்த வேகத்தில் பக்கத்திலிருந்த இன்னும் இரண்டு வெடித்தன. கண்ணாடி உள்ளங்கையிலும் ஆள்காட்டி விரலிலும் ஏறி, விரலை மடக்கும் தசைநாரை அறுத்துவிட்டது. கண்ணுக்கு மேலே புருவத்தில் ஒரு கீறல். அரை அங்குலம் கீழே இறங்கியிருந்தால் கண். பையன் பள்ளிக்கூடம் போயிருந்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவள் கையில் பெரிய கட்டு. என்னைப் பார்த்ததும் அவள்தான் முதலில் பேசினாள்.

"நான்தாண்ணே பெட்டிய இழுத்து ஆட்டிட்டேன் போல. நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சது."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் மாப்பிள்ளை நின்றார், அம்மா நின்றார். நான் வாயைத் திறந்து, "பாட்டில் கண்ணாடி மெலிசு, அதுல ஏதோ கோளாறு" என்றேன். முதலில் பழியைக் கண்ணாடிமேல் போட்டேன். அவள் தன்மேல் போட்டுக்கொண்ட பழியை எடுக்காமல் விட்டேன். ஆட்டினாலும் வெடிக்காத பாட்டிலைத்தான் ஒருவர் வீட்டுக்குள் கொடுக்க வேண்டும். ஒரு பெட்டியை நகர்த்தியது எந்த ஊரில் குற்றம்?

செரண்டா நண்பருக்கும் ரவாங்கில் இருந்தவருக்கும் அந்த இரவே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. செய்தால் காரணம் கேட்பார்கள், காரணம் சொன்னால் ஆஸ்பத்திரியில் சொன்ன பொய் நிற்காது. ஓர் இரவு முழுக்க இரண்டு குடும்பங்கள் அந்தப் பாட்டில்களோடு ஒரே கூரைக்குக் கீழ் தூங்கின. நான் விழித்திருந்தேன் என்று சொல்லி எதையும் குறைத்துக்கொள்ள விரும்பவில்லை. விழித்திருந்தவன் போனை எடுத்திருக்கலாம். விடிந்த பிறகுதான் அழைத்தேன். செரண்டாவில் எல்லாம் முழுதாக இருந்தன. ரவாங்கில் பால்கனியில் ஒரு பாட்டில் எப்போதோ வெடித்திருந்தது. ஆள் இல்லாத நேரம். அவர்களுடைய நல்ல காலம். அவர்களிடமும் நான் "கண்ணாடி சரியில்லை" என்றுதான் சொன்னேன்.

தங்கைக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பல வாரம் கையில் தாங்கு கட்டை. அந்தத் தீபாவளிக்கு அவள் வாங்கியிருந்த முன்பணத்தையெல்லாம் மாப்பிள்ளை வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தார். வெட்டிய துணிகளைப் பாதியில் வாங்கிக்கொண்டு போனவர்கள் பிறகு வேறு தையல்காரரிடம் பழகிவிட்டார்கள். விரலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிடி ஓரளவு வந்தது. ஆனால் ஆள்காட்டி விரல் உள்ளங்கையைத் தொடாது. ஊசியில் நூல் கோர்க்கவும் ஹெம்மிங் செய்யவும் அந்த விரல் எவ்வளவு வேண்டும் என்று அதற்கு முன் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இப்போது மிஷின் தையல் மட்டும்தான். கைவேலை உள்ள ரவிக்கைகளை அவள் வாங்குவதில்லை. காசு அதில்தான் இருந்தது.

நான் பணம் கொடுத்தேன். அண்ணன் உதவி செய்கிறார் என்று எல்லாரும் மெச்சினார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன். பட்ட கடனைத் தருமம்போல் கொடுத்தேன்.

இதைவிட மோசமானது ஒன்று நடந்துகொண்டிருந்தது. அம்மா அடிக்கடி, "அவளுக்கு எதுலயும் நிதானம் இல்ல, சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்" என்று சொல்ல ஆரம்பித்தார். சொந்தக்காரர்கள் வீட்டில் பேச்சு வந்தால், "பெட்டியப் போட்டுக் குலுக்கிட்டா" என்று கதை போனது. அவள் மறுக்கவில்லை. மறுக்க அவளுக்கு எதுவும் தெரியாது. பையன் கண்ணாடி டம்ளரைத் தூக்கினால் பதறிப் பிடுங்கினாள். நான் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் சொன்னால் அவளை விடுவித்திருக்கலாம். மாதக்கணக்கில் சொல்லவில்லை. எண்ணை மாற்றி எழுதியது ஒரு நிமிட வேலை. இது நான் ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்த வேலை.

அடுத்த வருடத் தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் போயிருந்தபோது அவள் ஓர் ஆர்டரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். வந்திருந்த பெண்ணிடம், "என் கவனக்குறைவுதான்க்கா, கை இப்படி ஆயிருச்சு" என்றாள். அந்தப் பெண் போன பிறகு சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். 1.020 என்றால் என்ன, ஏன் காத்திருக்கவில்லை, நோட்டில் என்ன எழுதினேன், எல்லாம். அவளுக்கு எண்கள் புரிந்ததா தெரியவில்லை. கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்னைக்கு நான் போன் பண்ணப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். கையுறையையும் ஐஸ்பெட்டியையும் சொன்னேன். அம்மாவைத் தள்ளி நிற்கச் சொன்னதையும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. மாப்பிள்ளை திட்டினார், திட்ட வேண்டிய அளவுக்குத் திட்டினார். "இனி இந்த வீட்டுக்கு வரும்போது எனக்குச் சொல்லிட்டு வாங்க மச்சான்" என்றார். அப்படியே செய்கிறேன். தங்கை உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் குலுக்கலன்னு சொல்லுங்க."

அன்றே அம்மாவிடம் சொன்னேன். அம்மா முழுதும் கேட்டார். என்னிடம் எதுவும் பேசாமல் போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டபடியே அறைக்குள் போய்விட்டார். செரண்டாவுக்கும் ரவாங்குக்கும் நேரில் போய்ச் சொன்னேன். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. வாளியையும் கருவிகளையும் ஒழித்துவிட்டேன். சந்தேகம் கேட்டுப் போன் வந்தால் இதைத்தான் சொல்கிறேன், முழுக்கச் சொல்கிறேன்.

சொந்தத்தில் இன்னும் பலருக்குப் பழைய கதைதான் தெரியும். கல்யாண வீடுகளில் அவள் கையைப் பார்த்துவிட்டு அறிவுரை சொல்கிறார்கள். அவர்கள் இதைப் படிக்கட்டும். என் தங்கை அந்தப் பெட்டியைக் குலுக்கவில்லை. தைத்த துணி வைக்க இடமில்லாமல் சுவரோரமாகத் தள்ளினாள், அவ்வளவுதான். எச்சரிக்கையாக இருந்து முன்கூட்டியே போன் செய்து கேட்டவளும் அவள்தான்.